காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது

விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயில் வரும் தண்ணீர் விரல் எலும்பு வரைக்கும் குளிரும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் நாள் தொடங்கும். பச்சை வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர், அதில் அளவு மூடியால் இரண்டு மூடி மருந்து. கூடக் கொட்டினால் உள்ளங்கைத் தோல் உரியும், குறையக் கொட்டினால் கிருமி நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பிறகு எட்டு அறைக்கு எட்டுத் துணி. ஓர் அறையில் துடைத்த துணி அடுத்த அறையின் வாசலைக்கூடப் பார்க்கக் கூடாது.

இது மூன்றாவது மாடிக்கு மட்டும் உள்ள முறை. அங்கே இருப்பவர்கள் ரத்தப் புற்றுநோய்க்காரர்கள். மேலிருந்து கீழே துடைக்க வேண்டும், உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். முதலில் ஜன்னல் விளிம்பு, பிறகு விளக்கு சுவிட்ச், கட்டில் கம்பி, நர்ஸைக் கூப்பிடும் மணியின் பொத்தான், மருந்து பாட்டில் தொங்கும் ஸ்டாண்டின் சக்கரம், கடைசியாகக் கதவின் கைப்பிடி. கழிப்பறைக்குத் தனி வாளி. துடைத்த ஈரத்தை உலர்ந்த துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது, தானாகக் காய விட வேண்டும். காய்கிற வரைக்கும்தான் மருந்து வேலை செய்யும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆர்வக் கோளாறில் தேய்த்துவிடுவார்கள்.

எதற்கு இத்தனை பாடு என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். வார்டு சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். "கீமோ மருந்து ஆள் பார்த்து அடிக்காதும்மா. கெட்ட அணுவைக் கொல்லும்போது நல்ல வெள்ளை அணுவையும் சேர்த்துக் கொன்னுடும். ரெண்டு மூணு வாரத்துக்கு இவங்க உடம்புல கிருமியோட சண்டை போட ஆளே இருக்காது. உனக்கு ரெண்டு தும்மலோட போறது இவங்க உயிரைக் கொண்டு போயிடும்."

அதனால்தான் அந்த மாடியில் பூங்கொத்து கிடையாது, தோல் உரிக்காத பழம் கிடையாது, பார்க்க வருகிறவர் கை கழுவி மாஸ்க் போட்டு ஒருவராகத்தான் உள்ளே போக முடியும். மாடிக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கும்: 'காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது.' அந்தப் பலகையை நாள்தோறும் துடைத்தவள் நான். அதை ஏமாற்றும் வித்தையை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

நாங்கள் ஐந்து பேர். கைக்கு எட்டாத இடமே இல்லாத நெட்டை. மாப் அடிக்கும்போது பாட்டு முணுமுணுக்கும் பாட்டுக்காரர். எங்களில் எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்த கண்ணாடி. அவசரம் என்று ஒருத்தி, 'அவசரம், அவசரம்' என்று சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் கடைசியாக முடிப்பாள். எனக்கு வாயாடி என்று பெயர். யார் வைத்தது என்று தெரியவில்லை, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

முன்பு பதினொரு பேர் இருந்தோம். அப்போது நாங்கள் ஆஸ்பத்திரியின் நேரடி ஆட்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சிஸ்டரிடம் சொல்வோம், அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிறகு சுத்தம் செய்யும் வேலையை ஆஸ்பத்திரி ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. கம்பெனி வந்த மூன்றாம் மாதம் பதினொன்று ஏழானது. மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் வராதவர் பிறகு வரவே வேண்டாம் என்று ஒரு விதியும் வந்தது.

ஆட்கள் வரும் பின்வாசலில் காவலாளி ஒரு துப்பாக்கியை நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்ப்பார். அது ஆஸ்பத்திரியின் விதி. நூறுக்கு மேல் காட்டினால் உள்ளே விட மாட்டார். உள்ளே விடாவிட்டால் கம்பெனி 'வரவில்லை' என்று எழுதிக்கொள்ளும். காய்ச்சலோடு வரவும் கூடாது, வராமல் இருக்கவும் கூடாது. இரண்டு விதிக்கும் நடுவில் ஒரு மனுஷி எங்கே நிற்பாள்?

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காய்ச்சல் மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்து வரிசையில் நின்றால் துப்பாக்கி தொண்ணூற்றெட்டுதான் காட்டும். ஒரு மழைக்காலத்தில் எனக்கே செய்து பார்த்தேன். பலித்தது. ஊரை ஏமாற்றிய பெருமையில் எல்லோருக்கும் சொன்னேன். என் பையின் உள் ஜிப்பில் எப்போதும் ஓர் அட்டை மாத்திரை இருக்கும், கேட்டவர்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுப்பேன். மாத்திரை கேட்காமல் உண்மையைச் சொன்னவள் எங்களில் ஒருத்திதான். துணி துவைக்கும் பிரிவில் இருந்தவள், "சார், எனக்குக் காய்ச்சல்" என்று சூப்பர்வைசரிடமே போய்ச் சொன்னாள். அடுத்த வாரம் அவள் பெயர் பட்டியலில் இல்லை. இன்னொருவரும் போக, அப்படித்தான் ஐந்து பேர் ஆனோம்.

இனி என் தம்பி. பெரிய கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் வண்ணம் அடிக்கும் பெயிண்டர். பத்தாவது மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி போனில் பேசுவான், ஓர் ஊசியைக் கண்டால் அலறுவான். பல் துலக்கும்போது ரத்தம் நிற்கவில்லை என்று போனவனை நேராக என்னுடைய மூன்றாவது மாடிக்கே கொண்டு வந்து ஐந்தாம் நம்பர் அறையில் படுக்க வைத்துவிட்டார்கள். அவன் மனைவி துணைக்கு இருந்தாள். நான் அந்த அறையைத் துடைக்கும்போது அவன் படுத்தபடியே வேலை சொல்லுவான்.

"அக்கா, இந்தச் சுவத்துக்கு எவனோ ஒரு கோட்டோட ஏமாத்திட்டுப் போயிருக்கான். நான் எழுந்ததும் ரெண்டாவது கோட்டு நானே அடிச்சுத் தர்றேன்னு சிஸ்டர்கிட்ட சொல்லு."

"முதல்ல நீ எழுந்திரு. அப்புறம் சுவத்தைப் பார்க்கலாம்."

கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் அவன் வெள்ளை அணு நூறுக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டியது அது. "இன்னும் பத்து நாள். அதுக்குள்ள எதுவும் ஒட்டாம பார்த்துக்கிட்டா ஏற ஆரம்பிச்சிடும்" என்றார் சிஸ்டர். பத்து நாள்தானே என்று நான் அவன் கட்டில் கம்பியை இரண்டு முறை துடைத்தேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. பின்வாசல் படியில் நெட்டை தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடி."

"மாத்திரை போட்டியா?"

"வீட்டுல இல்ல. மாமியார் செத்ததுக்கு ரெண்டு நாள் போயிடுச்சு. இன்னைக்கும் போனா என் கதை முடிஞ்சுது."

நான் ஜிப்பைத் திறந்து இரண்டு கிள்ளிக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது முதல் மாடி வராந்தா வேலை, அங்கே யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து இருவரும் வரிசையில் நின்றோம். துப்பாக்கி அவளுக்குத் தொண்ணூற்றெட்டு காட்டியது. நான் அவளைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

உள்ளே சூப்பர்வைசர் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார். "புதன்கிழமை பெரிய ஆளுங்க வர்றாங்க, போட்டோ எடுக்கிறாங்க. முன்கூடத்துத் தரையில முகம் தெரியணும். வாயாடி, நீதான் நல்லாத் தேய்ப்ப, மூணு நாளைக்குக் கீழ இரு. நெட்டை, அவளுக்குப் பதிலா நீ மூணாவது மாடிக்குப் போ."

நெட்டை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நெட்டை அன்றைக்கே வீட்டுக்குப் போவாள், திரும்பி வர மாட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் இடுப்பொடிந்து படுத்து இரண்டு வருஷம். சூப்பர்வைசர் பட்டியலை மடித்து ஜோபியில் வைக்கும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. ஊருக்கெல்லாம் வாயாடியாக இருந்தவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். படியேறும்போது அவள் காதில் மட்டும் சொன்னேன்.

"ரெண்டு மாஸ்க் போட்டுக்கோ. அஞ்சாம் நம்பருக்குக் கடைசியாப் போ. சீக்கிரம் முடிச்சிட்டு வெளிய வந்துடு."

மூன்று நாள் நான் முன்கூடத்துத் தரையைத் தேய்த்தேன். மூன்று நாள் அவள் என் மாத்திரையில் வரிசையைக் கடந்து என் தம்பியின் அறையைத் துடைத்தாள். புதன்கிழமை பெரிய ஆட்கள் வந்தார்கள், தரையில் அவர்கள் முகம் தெரிந்தது, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் மூன்றாவது மாடிக்கு ஏறவில்லை.

வியாழக்கிழமை விடிகாலையில் நான் மறுபடியும் மேலே போனபோது ஐந்தாம் நம்பர் கதவு திறந்து கிடந்தது. தம்பியின் உடம்பு கட்டிலோடு சேர்ந்து நடுங்கியது. அவன் மனைவி மூன்று போர்வையைப் போர்த்திவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குளிருதுக்கா," என்றான் என்னிடம். அவ்வளவுதான் பேசினான்.

நூற்றிரண்டு. சிஸ்டர் ஓடினார். இந்த நோயாளிகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து நரம்பில் ஏறியாக வேண்டும், காத்திருக்க நேரம் கிடையாது. இரண்டு இடத்தில் ரத்தம் எடுத்தார்கள், மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார்கள், பாட்டிலை மாட்டினார்கள். நான் வாளியோடு சுவர் ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மாப் கழுவும் அறையில் நெட்டை இருந்தாள். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"இருமினியாடி உள்ள?"

"இல்ல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் துடைச்சேன். சத்தியமா."

"ஒருதடவைகூட?"

அவள் குழாயை மூடினாள். "செவ்வாய்க்கிழமை. ஜன்னல் மேல்கம்பியைத் துடைக்கும்போது மாஸ்க்கு நழுவிடுச்சு. ரெண்டு கையும் ஈரம். தூக்கி விடுறதுக்குள்ள வந்துடுச்சு."

"யார்கிட்டயாவது சொல்றதுக்கென்ன? சிஸ்டர்கிட்ட சொன்னா என்ன? உனக்கு வாய் இல்லையா?"

"உனக்கு இருந்துச்சே," என்றாள் நெட்டை. "பட்டியல் படிக்கும்போது நீ பக்கத்துலதானே நின்ன."

அடிப்பதற்கு ஓங்கிய கை என்னுடையதுதான். அதைக் கீழே இறக்கி அவள் தோளில் போட்டுக்கொண்டு அழுதவளும் நான்தான். எங்களுக்கு வெளியே போய் அழ நேரம் இல்லை, ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் இன்னும் துடைக்காமல் கிடந்தன.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. சாதாரண சளிக் காய்ச்சல் கிருமி. தெருவில் பாதிப் பேருக்கு வந்து போகிற அதே கிருமி. அது அவன் நுரையீரலில் இறங்கியிருந்தது. டாக்டர் என்னையும் தம்பி மனைவியையும் வராந்தாவில் நிறுத்திப் பேசினார்.

"எங்கிருந்து வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. பார்க்க வந்தவங்ககிட்ட இருந்தும் வந்திருக்கலாம், எங்ககிட்ட இருந்தும் வந்திருக்கலாம். எல்லா மருந்தும் குடுக்கிறோம். ஆனா மருந்துக்குத் துணையாச் சண்டை போட அவர் உடம்புல ஒண்ணும் இல்ல. நீங்க தயாரா இருக்கணும்."

"எதுக்கு டாக்டர் தயாரா இருக்கணும்?" என்று கேட்டாள் தம்பி மனைவி. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உறுதியாகச் சொல்ல முடியாதது எனக்கு உறுதியாகத் தெரியும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காண்ட்ராக்டர் வந்தார். அவரை நாங்கள் போட்டோவில் பார்த்ததுதான் அதிகம். முன்கூடத்தை ஒட்டிய கண்ணாடி அறையில் என்னை மட்டும் கூப்பிட்டு, "உட்காருங்கம்மா" என்றார். கம்பெனி வந்ததிலிருந்து என்னை யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை.

"உங்க தம்பி விஷயம் கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரியில கேட்கிறாங்க, சுத்தம் பண்றவங்க யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு. அந்த உயரமான அம்மா மூணு நாளா இருமிக்கிட்டு இருந்ததா சூப்பர்வைசர் சொல்றார். நோயை மறைச்சு உள்ள போயிருக்காங்க. நீங்க நோயாளியோட அக்கா. நீங்க ஒரு புகார் எழுதிக் குடுத்தா நான் அவங்களை இன்னைக்கே வெளிய அனுப்பிடுறேன். உங்க தம்பிக்கு ஒரு நியாயம் செஞ்ச மாதிரி இருக்கும்."

எழுதி வைத்த தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துதான் பாக்கி. எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, உண்மையிலேயே ஆசையாக இருந்தது. பழியை முழுக்க நெட்டையின் தலையில் கட்டிவிட்டால் நான் வெறும் அக்காவாக மட்டும் இருந்து நிம்மதியாக அழலாம். பேனாவைக் கையில் எடுத்தேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நால்வரும் நின்றுகொண்டிருந்தார்கள். நெட்டை என் பேனாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாள்.

நான் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டேன். "எல்லாரும் உள்ள வாங்க."

"இவங்க எதுக்கு?" என்றார் காண்ட்ராக்டர்.

"சார், அவ நோயை மறைக்கல. மறைக்கிறதுக்கு மாத்திரை குடுத்தது நான். நான்தான் இவங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்." ஜிப்பைத் திறந்து அட்டையை மேஜைமேல் வைத்தேன். "அவளை அந்த மாடிக்கு அனுப்பினப்ப நான் பக்கத்துல நின்னேன். பேசல. புகார் எழுதணும்னா முதல் பேரு என் பேரு."

கண்ணாடி தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தாள். "போன மழையில நான் நாலு நாள் போட்டுக்கிட்டு வந்தேன் சார்."

அவசரம், "இருங்க, இருங்க" என்று பையைக் கவிழ்த்துத் தேடி ஒருவழியாக அவளுடையதை எடுத்தாள். பாட்டுக்காரர் சட்டை ஜோபியிலிருந்து எடுத்தார். "எனக்கு மார்ச்சளி கட்டினப்ப பாட்டே வரல. உங்க சூப்பர்வைசர், 'இன்னைக்கு ஏன் பாடல'ன்னு கேட்டார். கேட்டாரே தவிர உடம்புக்கு என்னன்னு கேட்கல."

காண்ட்ராக்டரின் குரலில் இருந்த பணிவு கழன்றது. "அப்ப அஞ்சு பேரும் குத்தவாளிங்க."

"ஆமா சார்," என்றாள் நெட்டை. அன்றைக்குத்தான் அவள் தலையை நிமிர்த்தினாள். "ஆறாவது பேரு உங்களது. அதையும் சேர்த்து எழுதிக்குங்க."

"காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க என்ன வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

"சொன்னவ ஒருத்தி இருந்தா," என்றாள் கண்ணாடி. "துணி துவைக்கிற இடத்துல. அவ இப்ப எங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

கண்ணாடியே பேசினாள், எங்களுக்கு இரண்டே கோரிக்கைதான். காய்ச்சல் என்று வருகிறவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், பெயரை வெட்டக் கூடாது. மூன்றாவது மாடிக்கு அதற்கென்று ஆள் வேண்டும், அங்கிருந்து யாரையும் தரை தேய்க்க இறக்கக் கூடாது.

"நடக்காது," என்றார் அவர். "இஷ்டம் இருந்தா இருங்க. என்ன பண்ணுவீங்க, வேலைநிறுத்தமா? பண்ணுங்க. நீங்க துடைப்பத்தைக் கீழ வச்சா மேல யாரு சாவாங்கன்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்." என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார், "தெரியும் இல்ல?"

தெரியும். ஓர் ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் இயந்திரம் நிற்கும். நாங்கள் நிறுத்தினால் எட்டுக் கட்டில் கம்பியிலும் கிருமி ஏறும். எங்கள் கையைக் கட்டிப்போட எங்கள் நோயாளிகளையே அவர் கயிறாக எடுத்துக்கொண்டார். வெளியே வந்தோம்.

வெளியே தம்பி மனைவி நின்றாள். எனக்குச் சாப்பாடு வாங்கி வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டிருந்தாள். பொட்டலத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் படியேறிப் போனாள். நான் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்வது?

மாப் கழுவும் அறையில் ஐந்து பேரும் கூடினோம். அவசரம்தான் ஆரம்பித்தாள். அவளுக்கு எதுவும் மெதுவாகத்தான் வரும், வந்தால் சரியாக வரும்.

"துடைக்காம இருந்தாத்தானே பாவம். சரியாத் துடைச்சா என்ன பண்ணுவாரு?"

"என்ன சொல்ற?"

"நம்ம மூணாவது மாடியை முறைப்படி துடைச்சு எத்தனை நாளாச்சு? அஞ்சு பேரு, பாதி நேரத்துல ஓட்டுறோம். ஈரம் காயறதுக்குள்ள அடுத்த ரூம். எந்த முறை சுவத்துல ஒட்டியிருக்கோ அந்த முறைப்படி செய்வோம். நோயாளி இருக்கிற இடம் பூரா, மூணு மாடியும். அது முடியவே மதியம் ஆயிடும். முன்கூடம், ஆபீசு, கண்ணாடிக் கதவு, இதுக்கெல்லாம் நமக்கு நேரம் இருக்காது. காய்ச்சல் இருக்கிறவங்க மாத்திரை போடாம வந்து, காய்ச்சல்னு சொல்லிட்டு, வாசல்லயே உட்காருவோம். வந்தாச்சு, உள்ள போகல."

பாட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நாள் இதை எங்க வச்சிருந்த?"

"அவசரப்படாம யோசிச்சேன்," என்றாள் அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு மூக்குக் குழாய் போதாமல் முகம் முழுக்க மூடும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். வெள்ளை அணு ஐம்பது. அன்று மாலை வீட்டில் துணி மடிக்கும்போது என் முதுகில் குளிர் ஏறியது. நெட்டையின் தோளில் அழுததற்கு எனக்குக் கிடைத்த கூலி அது.

திங்கட்கிழமை எழுந்தபோது உடம்பு கொதித்தது. எனக்கு அவனைப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், அறைக் கதவின் கண்ணாடி வழியாக ஒரு முறை பார்த்தால் போதும். டாக்டர் தயாராக இருக்கச் சொல்லியிருந்தார், இன்றைக்குப் பார்க்காவிட்டால் எப்போது பார்ப்பேன் என்று யார் சொல்ல முடியும்? அலமாரியில் மாத்திரை இருந்தது. இரண்டு போட்டுக்கொண்டால் முக்கால் மணி நேரத்தில் அக்காவாக அவன் அறை வாசலில் நிற்கலாம். அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அந்த மாடியில் இன்னும் ஏழு அறை இருந்தது, ஏழு பேருக்கும் அக்காவோ அம்மாவோ இருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பினேன்.

பின்வாசலில் துப்பாக்கி நூற்றொன்றரை காட்டியது. காவலாளி நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தி, "கொஞ்ச நேரம் கழிச்சு வாயேன்" என்றார்.

"வேணாண்ணே. என்ன காட்டுதோ அதை எழுதுங்க."

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "காய்ச்சலா? அப்ப வீட்டுக்குப் போ. இன்னைக்கு ஆப்சென்ட்."

"நான் வந்திருக்கேன் சார். உள்ளதான் வரல. ரெண்டையும் எழுதுங்க."

பின்வாசல் படியின் அடியில், கதவிலிருந்து விலகிக் காற்றுப் படும் இடத்தில், மாஸ்க்கோடு உட்கார்ந்தேன். கண்ணாடியும் பாட்டுக்காரரும் அவசரமும் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். நெட்டைக்குக் காய்ச்சல் விட்டிருந்தாலும், இன்னும் சில நாளைக்கு மேலே வர வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார், அவள் முதல் மாடியை எடுத்துக்கொண்டாள். எட்டு மணிக்குச் சிஸ்டர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். கை அசைக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர்கள் ஓடாமல் துடைத்தார்கள் என்றும், ஒவ்வோர் அறையிலும் ஈரம் காயும்வரை வாசலில் நின்றார்கள் என்றும், சிஸ்டரே பக்கத்தில் நின்று பார்த்தார் என்றும் பின்னால் கண்ணாடி சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு முன்கூடத்தில் வருகிறவர் போகிறவர் செருப்புத் தடமெல்லாம் சேறாகக் கிடந்தது. நோயாளிகளின் அறைகள் மூன்று மாடியிலும் சுத்தமாக இருந்தன. நால்வரும் கை கழுவிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து மேல்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஆறு படி இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நாளைக்கு அவர்களும் மேலே போக முடியாது.

காண்ட்ராக்டர் வந்தார். அவர் கால்சட்டை விளிம்பில் முன்கூடத்துச் சேறு ஒட்டியிருந்தது. "எத்தனை நாளைக்கு இப்படி உட்கார்ந்திருப்பீங்க?"

"அவளுக்குக் காய்ச்சல் விடுற வரைக்கும்," என்றாள் நெட்டை. "அப்புறம் யாருக்கு வருதோ அவங்களுக்கு விடுற வரைக்கும்."

"நாளைக்கே வேற ஆள் கொண்டு வந்து இறக்குவேன்."

"இறக்குங்க. எந்தத் துணி எந்த ரூமுக்குன்னு அவங்களுக்கும் சொல்லிக் குடுக்கிறோம். காய்ச்சல் வந்தா எங்க உட்காரணும்னும் சொல்லிக் குடுக்கிறோம்."

அவர் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே ஒதுங்கினார். கூப்பிடட்டும். அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர்தான், நாளைக்கு எங்கள் ஐந்து பெயரும் இல்லாமல் போகலாம். எனக்குத் தலை சுற்றியது. மேலே ஐந்தாம் நம்பரில் என்ன நடக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அவர்களும் சொல்லவில்லை. நல்ல செய்தி இருந்தால் கேட்காமலே சொல்லியிருப்பார்கள்.

அப்போது பின்கதவு திறந்தது. தம்பி மனைவி வந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் எழுந்துவிட்டேன். என்னை அறியாமல் இரண்டு படி ஏறிவிட்டேன்.

"அக்கா, கிட்ட வராதீங்க," என்றாள். "நான் மறுபடி அவர்கிட்டப் போகணும்."

நின்றேன். அப்படியே பின்னால் இறங்கி என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"இருக்காருக்கா," என்றாள். "மூச்சு ரொம்பச் சிரமமாத்தான் இருக்கு. நீங்க கீழ இருக்கீங்கன்னு சொன்னேன். ஏன் வரலைன்னு கேட்கிற மாதிரி பார்த்தார். அக்காவுக்குக் காய்ச்சல், அதான் வரலைன்னு சொன்னேன்."

 என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது, அதைக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. காண்ட்ராக்டர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்து, "நீங்க யாரும்மா? இங்க வரக் கூடாது" என்றார்.

"அஞ்சாம் நம்பர்," என்றாள் அவள்.

நெட்டை சற்றுத் தள்ளி அவசரத்தோடு ஒட்டிக்கொண்டு இடம் விட்டாள். தம்பி மனைவி அந்த இடத்தைப் பார்த்தாள். நெட்டையைப் பார்த்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு கை தூரம் விட்டு, அதே படியில் உட்கார்ந்தாள்.